எது முதல் நாள்?

சாகும்வரை வெர்லின் ஸ்ட்ரவுட் லாரிக் கம்பெனிக்காரர்களை மனிதர்களாக மதித்ததில்லை. ஆனால் ஆர்கன்சாவில் அவர் வேலை பார்த்த கோழி வெட்டும் ஆலையை மூடியபோது, ஐம்பது தாண்டியவரைக் கூப்பிட்டு வேலை தந்தவர்கள் அவர்கள் மட்டும்தான். தங்கள் செலவில் ஓட்டக் கற்றுக்கொடுத்து, லைசென்ஸ் வாங்கித் தந்து, வண்டியும் கொடுப்பார்கள்.

ஒவ்வொருவருக்கும் போன் போட்டார். கேள்வி ஒன்றுதான்: மனைவியை வண்டியில் கூட்டிப்போகலாமா?

மனைவி ஓலீட்டாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பேச்சு குழறும், ஏச்சு மட்டும் தெளிவாக வரும். தனியாக விட முடியாது. முதியோர் இல்லம் ஒன்றைப் போய்ப் பார்த்தார்கள். வாசலிலேயே அவள் “த்தூ” என்றாள். அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

முதலில் பேசிய கம்பெனிப் பெண், “பயிற்சியில முடியாது சார்,” என்று தொடங்கினாள்.

“மரியாதை தெரியாத ஜென்மம்,” என்று போனை வைத்தார்.

அடுத்த கம்பெனிக்காரன் குரலில் தேன் ஒழுகியது. “முதல் நாள்லேர்ந்தே கூட்டிட்டு வாங்க தலைவரே! நாங்க எல்லாம் ஒரே குடும்பம்.”

பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஓலீட்டா, “புளுகன்,” என்றாள்.

“உனக்கு ஊர்ல எல்லாருமே புளுகன்தான்,” என்றார் வெர்லின். ஆனாலும் அவளைத் தன் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

பயிற்சி ஒரு மோட்டல் கூடத்தில் தொடங்கியது. அவருக்கு ஒதுக்கிய பயிற்சியாளர் ட்வெயின், ஓலீட்டாவைப் பார்த்துவிட்டு, “அம்மா எங்க இங்க?” என்றான்.

“முதல் நாள்லேர்ந்து வரலாம்னு சொன்னாங்க.”

ட்வெயின் சிரித்தான். “அண்ணே, முதல் நாள்னா உங்க கையில தனி வண்டி கொடுக்குற நாள். அதுவரைக்கும் நீங்க டிரைவரே இல்ல, மாணவர். வாரக்கணக்கா என் வண்டியிலதான் சுத்தணும். உள்ள இருக்கிறது ரெண்டு படுக்கை. ஒண்ணு எனக்கு, ஒண்ணு உங்களுக்கு.”

வெர்லின் ஜன்னல் வழியாக வெளியே நின்ற ட்வெயினின் லாரியைக் காட்டினார். “முன்னால உக்காந்திருக்கே, அந்த நாய்?”

“அதுக்கு அனுமதி வாங்கியிருக்கேன்.”

“நாய்க்கு உண்டு, பொண்டாட்டிக்குக் கிடையாது. நல்ல குடும்பம்யா உங்க குடும்பம்.”

கூடத்தில் மற்றவர்கள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வெர்லின் அவர்களையும் வெறுத்தார். வெட்டுமேடைக்கு வரும் கோழிகூடக் கத்தும். இவர்கள் பேனா கேட்டு வரிசையில் நிற்கிறார்கள்.

வெளியே பிக்கப்பில் உட்கார்ந்து, அந்த மரியாதை தெரியாதவளுக்கே மறுபடி போன் போட்டார்.

“முடியாதுன்னீங்களே, அது எதுவரைக்கும்?”

“பயிற்சி முடியிற வரைக்கும். எங்க பயிற்சி வண்டி சாயங்காலமே லாரி நிறுத்துற யார்டுக்குத் திரும்பிடும், ராத்திரி நீங்க வீட்லதான். முடிஞ்சு உங்க வண்டி கைக்கு வந்ததும் அவங்க ஏறலாம். அவங்க பேர்ல காப்பீடு எடுக்கணும், அவ்வளவுதான்.”

“இதை அன்னைக்கே சொல்றதுக்கென்ன?”

“எங்க சார் சொல்ல விட்டீங்க?”

சம்பளம் குறைவு. வண்டிகள் பழசு. வெர்லின் அங்கேயே சேர்ந்தார். அந்த வாரங்களில் பகலில் தாயைப் பார்த்துக்கொள்ள மகள் டிரெசா அலுவலக வேலையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

பயிற்சி முடிந்ததும் ஓலீட்டா ஏறினாள். ஏற்றிவிடுவதே பெரும்பாடு; கீழிருந்து அவர் தள்ள, அவள் திட்டத் திட்ட ஏறுவாள். மெம்ஃபிஸ் பாலத்தில் குறுக்கே புகுந்த கார்க்காரன் ஒருவன்கூட அவள் வாயிலிருந்து தப்பியதில்லை. அவர் ஓட்டினார், அவருக்கும் சேர்த்து அவள் ஏசினாள். சில ஆண்டுகள் அப்படியே ஓடின.

குளிர்காலத்தில் அவள் இறந்தாள். அடக்கம் முடிந்ததும் வெர்லின் யார்டுக்குப் போய்ச் சாவியை மேசையில் போட்டார்.

“அவசரப்படாதீங்க வெர்லின்,” என்றான் மேலாளர். “கொஞ்ச நாள் லீவு எடுங்க. உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச வேலை, அதை ஏன் விடணும்?”

வெர்லின் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“வண்டி ஓட்டுறது எனக்குப் பிடிக்கும்னு எவன்டா உனக்குச் சொன்னது?”