ஸ்டார் கட்டாத வீடு

“ஏனுங்க டீச்சர், துக்க ஊட்டுக்குக் கேரல் பாடப் போலாமுங்களா?” மூன்று ஆண்டுகளுக்கு முன் ஜெரால்டு என்னிடம் இப்படிக் கேட்டார். எங்கள் தேவாலயப் பங்கின் இளையோர் குழுவுக்கு அவர் பொறுப்பாளர். பணி ஓய்வு பெற்ற நான் ஆலோசகர். பாட்டுத் தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, “வேண்டாம் தம்பி, அவங்களுக்குச் சங்கடமா இருக்கும்” என்றேன்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலை அவர் மனைவி ரீட்டா போன் செய்தார். “டீச்சர், அவரு...” என்று தொடங்கினார். பக்கத்தில் இருந்தவர் போனை வாங்கி மீதியைச் சொன்னார். வேலைக்குப் போகும்போது பல்லடம் சாலையில் லாரி மோதிவிட்டது. ஜெரால்டுக்கு வயது முப்பத்தாறு.

விசைத்தறிகளைப் பழுது பார்ப்பது அவர் தொழில். எண்ணெய்க் கறை போகாத கையோடுதான் பாட்டுப் பயிற்சிக்கு வருவார். “நாம பாடறதக் கேட்டா கொழந்த இயேசுவே அழுதுருவாரு. ட்ரம்ஸச் சத்தமா அடிங்கடா” என்பார். பிள்ளைகள் சிரித்துச் சிரித்தே பாடக் கற்றுக்கொண்டார்கள்.

எங்கள் பங்கில் ஒரு வழக்கம் உண்டு. சாவு நடந்த வீட்டில் அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டமாட்டார்கள். குழந்தை இயேசுவின் சுரூபச் சிலையை ஏந்தி வீடு வீடாகப் போகும் இளையோர், அந்த வீட்டின் முன் மட்டும் ட்ரம்ஸை நிறுத்திவிட்டு அமைதியாகக் கடந்துவிடுவார்கள். ஜெரால்டு என்னிடம் கேட்ட அந்த ஆண்டு, சகாயமேரியின் வீட்டையும் அப்படித்தான் கடந்தோம். அவருடைய ஒரே மகள் காய்ச்சலில் இறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

மறுநாள் காலை கேக் கொடுக்கப் போன ஜெரால்டு, திறந்த கதவு வழியே உள்ளே பார்த்திருக்கிறார். சுரூபத்தை வைக்க, வெள்ளைத் துணி விரித்த நாற்காலி ஒன்று. இருபுறமும் கொளுத்தாத மெழுகுவத்திகள். “எல்லா ஊட்டுக்கும் போற சாமி எங்கூட்டுக்கு மட்டும் வராதுங்களா? எம்புள்ள செத்துப்போனா நான் தீட்டா?” என்று கேட்டுவிட்டுச் சகாயமேரி கதவைச் சாத்திக்கொண்டார். அதன்பின் ஞாயிறு திருப்பலிக்கு வரவில்லை. அடுப்பு எரிந்தே பல நாள் ஆகிறது என்றார்கள் பக்கத்து வீட்டார்.

வகுப்பில் இதே தவற்றை நான் முன்பும் செய்திருக்கிறேன். அப்பாவை இழந்த மாணவியிடம், பாவம் என்று நினைத்து, பல வாரம் ஒரு கேள்வியும் கேட்காமல் விட்டேன். அவள் கைதூக்குவதையே நிறுத்திவிட்டாள். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

குழுவின் அடுத்த கூட்டத்தில் ஒரு பெண் கோபமாக, “அந்த ஊட்டுக்குப் போவேண்டாம்னு யாருங்ண்ணா சொன்னது?” என்றாள். “நாந்தான். தப்புப் பண்ணிப்போட்டேன்” என்றார் ஜெரால்டு. நான் அதே அறையில் இருந்தேன். வாய் திறக்கவில்லை.

அவர் ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கதவைத் தட்டினார். “செபம் பண்ண வந்தீனா போயிரு” என்று உள்ளிருந்து குரல் வரும். “செபத்துக்கு வரலீங்க்கா, தண்ணி புடிச்சு வெக்க வந்தேன்” என்பார். குடங்களை நிரப்பிவிட்டு, ரீட்டா சோறு போட்டுக் கொடுத்தனுப்பிய தூக்குப்போசியை வாசலில் வைத்துவிட்டு வருவார். பல வாரம் அது திறக்காமலே திரும்பி வந்தது.

“கோயிலுக்கு எப்ப வருவாங்க?” என்று ஒருநாள் கேட்டேன். “கோயில் கெடக்குதுங்க டீச்சர். மொதல்ல அந்தக்கா ரெண்டு வாய் சாப்புடட்டும்” என்றார். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கிய பிறகு, ஒரு ஞாயிறு தூக்குப்போசி கழுவித் திரும்பி வந்தது. அன்று ஜெரால்டு என் வீட்டுக்கே வந்து, அதைத் திறந்து காட்டிவிட்டுப் போனார். சகாயமேரி இன்றுவரை திருப்பலிக்கு வரவில்லை. ஆனால் உயிரோடு இருக்கிறார்.

ஜெரால்டின் அடக்கத்தன்று ரீட்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது சகாயமேரிதான். எல்லோரும் கலைந்தபின் அவரிடம் போய், அன்று போக வேண்டாம் என்று சொன்னது நான்தான் என்றேன்.

“அந்தத் தம்பி உசுரோட இருக்கறப்பச் சொல்லியிருக்கலாமுங்க” என்றார். பிறகு உள்ளே ரீட்டா இருந்த பக்கம் பார்த்து, “இந்த வருசம் இந்த ஊட்லயும் ஸ்டார் கட்டமாட்டாங்க” என்றார்.

என் பழியை ஜெரால்டு மூன்று ஆண்டு சுமந்தார். ஒருமுறைகூட என்னிடம் அதைச் சொல்லிக் காட்டவில்லை. ஜெரால்டிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த மௌனம். அதை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க முடியவில்லை.

அவரை அறிந்தவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஸ்டார் இல்லாத வீட்டைக் கண்டால் நீங்களாக ஒரு முடிவுக்கு வராதீர்கள். கதவைத் தட்டி, “உள்ள வரலாமுங்களா?” என்று கேளுங்கள்.