ஏரிக்கரையில் ஒரு கழிப்பறை கட்டினோம்

கட்டட வேலையில் வீடு கட்டினால் கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவார்கள்; கழிப்பறை கட்டினால், என்ன கட்டுகிறாய் என்று கேட்டவரே பேச்சை மாற்றிவிடுவார். நான் ஒரு சின்ன கான்ட்ராக்டரிடம் சைட் இன்ஜினீயர். மேடவாக்கம் பக்கத்தில் ஓர் ஏரியைச் சுற்றி நடைபாதை, பெஞ்ச், ஊஞ்சல் எல்லாம் போட்டுப் பூங்கா ஆக்கினார்கள். எல்லாம் முடிந்த பிறகு நினைவுக்கு வந்த கழிப்பறை என் தலையில் விழுந்தது. சர்ச்சில் யாராவது விசாரித்தால் அம்மா, "பியூலா லேக் டெவலப்மென்ட்ல இருக்கா" என்பார். வெளியே கிளம்பும்போது, வழியில் கழிப்பறை கிடைக்காதே என்று காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்திருக்கிற பழக்கம் உங்களுக்கும் உண்டென்றால், நீங்களும் நம்ம கட்சிதான். மேலே படியுங்கள்.

கொஞ்சம் தள்ளி

முதலில் பெரிய கேட் பக்கத்தில் கட்டுவதாக இருந்தது. எதிர் அபார்ட்மென்ட்காரர்கள் இறங்கி வந்தார்கள். சண்டை எல்லாம் இல்லை, மரியாதையாகத்தான் பேசினார்கள். அதில் ஒரு பெண், தன் சமையலறை ஜன்னல் இந்தப் பக்கம்தான் என்றார். கல்யாணமான புதிதில் ஒரு பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைக்குப் பின்னால் குடியிருந்தாராம். ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் சாப்பிட வேண்டியிருந்ததாம். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஊஞ்சல் பக்கம் போனோம், அம்மாக்கள் வேண்டாம் என்றார்கள். கிழக்குக் கரைக்குப் போனோம், அங்கே வீட்டுக்காரர்கள்.

கடைசியில் மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில், எதிரில் காம்பவுண்டு சுவர் மட்டும் இருக்கிற சின்ன கேட்டில் இடம் அமைந்தது. அதற்கு முன் கிழக்குக் கரையில் குடியிருக்கிற ஒரு பெரியவர் வெயிலில் என்னோடு கூடவே நடந்து வேறு இடம் தேடிக் கொடுத்தார். அவர் கடைசியாகக் கை காட்டிய திசையில் ஏரித் தண்ணீர்தான் இருந்தது. ரொம்பவும் அக்கறையாகச் சொன்னார்: "கண்டிப்பா கட்டணும்மா, அவசியமான விஷயம். கொஞ்சம் தள்ளிக் கட்டுங்க."

தொட்டி

ஏரிக்கரையில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். செங்கல்லில் செப்டிக் டேங்க் கட்டினால் கசிந்து ஏரியில் கலந்துவிடுமோ என்று, நாலு பக்கமும் மூடிய ரெடிமேட் பிளாஸ்டிக் தொட்டி வாங்கினோம். கிரேன் வந்து குழிக்குள் இறக்கிவிட்டுப் போனது. மறுநாள் சுற்றிலும் கான்கிரீட் போட வேண்டியதுதான் பாக்கி. அன்று மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது.

மழை விட்டதும் ஏழுமலை மேஸ்திரி என்னைக் கூப்பிட்டார். அதிகம் பேசாத மனிதர். போய்ப் பார்த்தால் குழி நிறையத் தண்ணீர், அதன் மேல் எங்கள் காலித் தொட்டி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வாக்கிங் வந்தவர்கள் போனில் படம் எடுத்தார்கள். எனக்கு அழுகை முட்டியது. மேஸ்திரி கயிற்றை எடுத்துத் தொட்டியை வேப்பமரத்தோடு கட்டினார். மோட்டார் போட்டுக் குழியை இறைத்தோம். பிறகு தொட்டிக்குள்ளேயே தண்ணீர் நிரப்பி அதை உட்கார வைத்தோம். இதற்கிடையில் யாரோ சொல்லிவிட, முதலாளி பதறிப்போய் மேஸ்திரிக்குப் போன் செய்தார். மேஸ்திரி நிதானமாகப் பதில் சொன்னார்: "தொட்டிக்கு ஒண்ணும் ஆகல சார். கொஞ்சம் கிளம்பிடுச்சு, அவ்ளோதான். கட்டி வச்சிருக்கோம்."

பெட்ரோல் பங்க்

கழிப்பறை கட்டுகிற இடத்தில் கழிப்பறை கிடையாது. ஆண்கள் மோட்டார் ரூமுக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவார்கள். நானும் சித்தாள் பெண்களும் என்ன செய்வது? கூடுவாஞ்சேரியில் காலையில் கிளம்பினால் நான் வீடு திரும்ப இருட்டிவிடும். பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருவேன், அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு போவேன். கோடையில் ஒருநாள் அடிவயிற்றில் வலியும் குளிருமாக மணல் குவியல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

சின்ன கேட்டில் மீன் விற்கிற தனம் அக்கா அதைப் பார்த்துவிட்டார். கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து தினமும் ஷேர் ஆட்டோவில் கூடையோடு வருகிறவர். மீனைச் சித்தாளிடம் ஒப்படைத்துவிட்டு, என்னை ஒரு ஆட்டோவில் ஏற்றிப் பெட்ரோல் பங்க்குக்குக் கூட்டிப்போனார். அங்கே இருந்தவர் சாவி இல்லை என்றார். அக்கா வாக்குவாதமே பண்ணவில்லை. அந்த ஏ.சி. ரூமுக்குள் போய், மீன் வாடையோடு அவருடைய நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்தார். சாவி உடனே கிடைத்துவிட்டது.

அப்படியே டாக்டரிடமும் அழைத்துப்போனார். டாக்டர் நன்றாகத் திட்டி மாத்திரை கொடுத்தார். திரும்பும்போது ஆட்டோவில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டே கேட்டார்: "இன்னாம்மா இது, ஊருக்கெல்லாம் கட்டிக்கினு கீற, உனக்கு ஒண்ணு இல்லியா?"

எந்தப் பக்கம் கதவு

மறுநாளே முதலாளியிடம் கேட்டுத் தகரம் அடித்து ஒரு தற்காலிக அறை போட்டோம். பிறகு கட்டடத்தின் பிளானை விரித்து அக்காவிடம் காட்டினேன். பெண்களுக்கான கதவு பின்பக்கம் இருந்தது. கூச்சம் இருக்கும், மறைவாக இருக்கட்டும் என்று வரைந்திருந்தார்கள். பின்பக்கம் புதரும் சுவரும்தான். அந்தப் பக்கம் கதவு வைத்தால் பட்டப்பகலில்கூட ஒருத்தியும் போகமாட்டாள் என்று அக்கா சொல்லிவிட்டார்.

பார்வையிட வந்த அதிகாரியிடம் சொன்னேன். பிளானை மாற்றுவது சிரமம் என்றார். நான் வாதாடவில்லை, பின்பக்கம் போய்ப் பார்க்க மட்டும் கேட்டுக்கொண்டேன். பொழுது சாய்கிற நேரம். அவர் தனியாகச் சுவரோரமாக நடந்து பின்பக்கம் போனார். அங்கே யாரோ இருமுகிற சத்தம் கேட்டது. அவர் சட்டென்று திரும்பி வந்தார். வந்ததும் சொன்னார்: "கதவை ரோட்டுப் பக்கம் மாத்திடுங்க. என் பொண்ணா இருந்தா நானே அனுப்பமாட்டேன்."

கால் வலி

ஜெயசீலன் சாரும் அவர் மனைவி எஸ்தர் டீச்சரும் கோவிலம்பாக்கத்திலிருந்து தினமும் காலையில் ஆட்டோவில் வருவார்கள். இருவருமே ரிட்டயர்டு ஆசிரியர்கள், இருவருக்கும் சர்க்கரை. டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். சார் மட்டும் ஏரியைச் சுற்றுவார். டீச்சர் கால் வலி என்று சின்ன கேட் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் சார் எதிர்க்கரையில் இருந்தபோது, டைல்ஸ் ஒட்டுவதைப் பார்க்க டீச்சர் எங்களிடம் வந்தார். ஜல்லிக் குவியலைச் சுற்றிக்கூட வரவில்லை, மேலேயே ஏறி இறங்கி வந்தார். நான் அவர் காலைப் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து மெல்லிய குரலில் சொன்னார். கொஞ்ச காலமாக அடக்க முடிவதில்லையாம். ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும் வழியில், ஆட்டோவிலேயே புடவை நனைந்துவிட்டதாம். தண்ணி பாட்டில் கொட்டிவிட்டது என்று சாரிடம் சமாளித்திருக்கிறார். அதிலிருந்து கல்யாணம், சர்ச், கடைத்தெரு எல்லாவற்றுக்கும் கால் வலி. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று டீச்சருக்குத் தெரியவில்லை. தூரத்தில் சார் தலை தெரிந்ததும் எழுந்தார். நொண்டி நடக்கத் தொடங்கும் முன் என்னிடம் சொன்னார்: "காலுக்கு ஒண்ணும் இல்லம்மா. சார்கிட்ட மட்டும் சொல்லிடாதே."

திறப்பு விழா

வேலை முடிந்தது. தண்ணீர் வந்தது, லைட் எரிந்தது. ஆனால் முக்கியமான ஒருவர் வந்து திறக்க வேண்டும். அவருக்குத் தேதி அமையவில்லை. அதுவரை யாரையும் உள்ளே விடக்கூடாது என்று பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தார்கள். நானும் பூட்டுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தேன். தனம் அக்கா கூடையோடு வரும்போதெல்லாம் பூட்டைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார்.

ஒருநாள் காலையில் டீச்சர் பெஞ்சிலிருந்து எழுந்தார், உடனே உட்கார்ந்தார். மறுபடி எழுந்து ரோட்டைப் பார்த்தார். ஆட்டோ எதுவும் இல்லை. புடவைத் தலைப்பைக் கையில் இறுக்கிக்கொண்டார். நான் போய்ப் பூட்டைத் திறந்து, டீச்சரைக் கைப்பிடித்து உள்ளே அனுப்பினேன். வேலை போய்விடுமோ என்ற பயம், கதவு சாத்திய பிறகுதான் வந்தது. தனம் அக்கா வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார். டீச்சர் வெளியே வந்ததும் அக்கா உள்ளே போனார். அவருக்குப் பின்னால் வாக்கிங் வந்த பெண்கள் நின்றார்கள். அதன் பிறகு பூட்ட எனக்கு மனம் வரவில்லை. சாயங்காலம் முதலாளி போனில் கத்தினார். குழாய், வடிகால் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று சோதனை நடக்கிறது என்றேன். அப்படியானால் நன்றாகச் சோதனை பண்ணச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். பிற்பாடு விழா நடந்து ரிப்பன் வெட்டியபோது, தரை ஏன் ஈரமாக இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

டீச்சர் நடக்க ஆரம்பித்தார். முதலில் ஊஞ்சல் வரைக்கும், பிறகு பாதி ஏரி, ஒருநாள் முழு ஏரியும். அன்று ஜெயசீலன் சார் சின்ன கேட்டில் என்னை நிறுத்தினார். முகமெல்லாம் சிரிப்பு. டீச்சர் அவருக்குப் பின்னால் நின்று ஏரியில் கொக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். சார் சொன்னார்: "டாக்டருக்கே பிடிபடாத கால் வலிம்மா. தினமும் நான்தான் தைலம் தேச்சு விட்டேன், சரியாயிடுச்சு பாரு."

இவ்வளவுக்கும் பிறகு கட்டினவளுக்கு ஊர் தந்திருக்கிற மரியாதை என்னவென்றால், ஏரிக்கரையில் என்னைப் பார்க்கிற ஒவ்வொருவரும் வணக்கத்துக்குப் பதிலாக "மேடம், தண்ணி வருதா?" என்று கேட்டுவிட்டுத்தான் நடக்கிறார்கள்.