மச்சானின் கட்டாரியும் மீசையும்

போன மாதம் ஆயுத பூஜைக்குத் திண்டிவனம் போயிருந்தேன். பொரியும் சுண்டலும் சாப்பிடப் போனவன், ஒரு மீசைக்கு மத்தியஸ்தம் செய்ய வேண்டியிருக்கும் என்று கனவா கண்டேன்?

மீசை என் மனைவியின் அண்ணனுடையது. வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். அறுபது வயதிலும் கருகருவென்று முறுக்கிய மீசை. பட்டறைக்கு வழி கேட்டால், ‘மீசைக்காரர் பட்டறையா?’ என்றுதான் ஊரில் திருப்பிக் கேட்பார்கள்.

அன்று டிரில்லிங் மெஷினுக்கும் கேஸ் கட்டருக்கும் நடுவே, சந்தனம் குங்குமத்தோடு அவர்கள் குடும்பத்துக் கட்டாரி பளபளத்தது. ஏணி மாதிரி இரண்டு பக்கச் சட்டம், நடுவே குறுக்குப் பிடி. அதைப் பிடித்துக் கையை மடக்கினால், முஷ்டிக்கு நேராக அலகு நீட்டிக்கொண்டிருக்கும்.

“செஞ்சிக் கோட்டையில சண்டை போட்டது சம்மந்தி. முந்நூறு வருஷம்!” என்றார் மச்சான்.

விழுப்புரத்திலிருந்து வந்திருந்த சம்பந்தி – மச்சானின் மகனுக்குப் பெண் கொடுத்தவர் – சிரித்துவிட்டார். “முந்நூறா? போன வாரம் எக்ஸிபிஷன்ல வாங்கிக்கினு வந்தாப்ல இல்ல மின்னுது!”

அவ்வளவுதான்.

“இது புதுசுன்னு தெரிஞ்சவன் எவனாவது சொல்லட்டும்... மீசைய எடுத்துடறேன்!”

மருமகள் எதிரிலேயே சொல்லிவிட்டார். வாயிலிருந்து விழுந்த வார்த்தையை இனி எந்த கேஸ் கட்டரை வைத்து வெட்டி எடுப்பது?

மியூசியத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன நண்பர் ஒருவர் எனக்கு விழுப்புரத்தில் உண்டு. கட்டாரியைப் பழைய வேட்டியில் சுற்றிக்கொண்டு மூவரும் போனோம். வழியெல்லாம் மச்சான் மீசையைத் தடவிக்கொண்டே வந்தார். பாவமாக இருந்தது.

நண்பர் சந்தனத்தைத் துடைத்தார். லென்ஸை எடுத்தார். பக்கச் சட்டத்தைப் பார்த்ததுமே, “இது எலக்ட்ரிக் வெல்டிங் ஆச்சே!” என்றார்.

“சம்மந்தி, ஜல்தி கெளம்புங்க. சலூன் பக்கத்துலதான்!” என்று துள்ளினார் விழுப்புரத்துக்காரர்.

மச்சானுக்கு முகம் செத்துவிட்டது. “இல்ல சார்... போன வருஷம் பூஜைக்குத் தொடைச்சிக்கினு இருந்தேனா, சட்டம் ஆடுச்சி. நாந்தான் வெல்டிங்ல ஒரு பத்து வெச்சேன்.”

“இந்தப் பளபளப்பு?”

“கிரைண்டர்ல லேசா ஒரு ஓட்டு... மேல சில்வர் பெயின்ட்டு.”

நண்பர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆயுத பூஜை என்றால் பட்டறையில் உள்ள இரும்பெல்லாம் மின்ன வேண்டும். அது அவர்கள் தொழில் தர்மம். ஸ்பேனருக்குச் செய்ததைத்தான் மச்சான் சரித்திரத்துக்கும் செய்திருக்கிறார்!

ஆனால் நண்பர் விடவில்லை. அலகின் அடியில் பெயின்ட்டை மெல்லச் சுரண்டினார். அவர் முகம் மலர்ந்தது.

“இங்க பாருங்க. பிடியிலிருந்து வர்ற ரெண்டு தகட்டுக்கு நடுவுல அலகைச் சொருகி, ஆணி அறைஞ்சிருக்காங்க. தென்னாட்டுப் பழைய வேலை. நுனிய மட்டும் தடிமனா விட்டிருக்கான், கவசத்தைத் துளைக்கிறதுக்கு. ஷோவுக்குச் செய்றவன் இவ்ளோ மெனக்கெடுவானா? முந்நூறுன்னு எழுதித் தர மாட்டேன். இருநூறுக்குக் கொறையாது.”

மச்சான் அவரை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டார். எனக்கும் விசிலடிக்கலாம் போலிருந்தது.

சம்பந்தி லேசில் விடுவாரா? “சட்டம் புதுசுதானே? அப்ப பாதி மீசைய எடுக்கணும்!”

சம்பந்திகள் இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் நண்பரைப் பார்த்தேன். அவர் கட்டாரியைப் பார்த்தபடியே சொன்னார்: “இனிமே இதும்மேல பெயின்ட் படக் கூடாது. பழசுன்னா வயசு தெரியணும். அதுதாங்க மதிப்பு.”

சம்பந்தி லென்ஸை வாங்கி மச்சானின் மூக்குக்குக் கீழே கொண்டுபோனார். டைக்கு அடியில்... வெள்ளை வேர்கள்!

“சார், அந்த ரூலு இதுக்கும் உண்டுங்களா?”

நால்வரும் சிரித்த சிரிப்பில் தீர்ப்பு ஆகிவிட்டது. மீசை இருக்கும். டை இருக்காது.

நேற்று மச்சான் வந்திருந்தார். மீசையில் உப்பும் மிளகும் கலந்திருந்தன. முறுக்கு மட்டும் குறையவில்லை.

“மருமவ சொல்லுச்சி மாப்ளே, இப்பதான் செஞ்சிக் கோட்டை ஆளு மாதிரி இருக்கேனாம்!” என்றார். அப்படி ஒரு பூரிப்பு!

ஒரே ஒரு வேண்டுகோள் – இந்த வாரப் பத்திக்கு மேலே இருக்கும் என் போட்டோவை யாரும் லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டாம்.