மூளிக் காது

'மூளி' என்ற சொல் இல்லாமல் அம்மாவுக்கு ஒரு நாள் போகாது. வாய் உடைந்த குடம் மூளிக் குடம். கம்மல் போடாமல் நான் வாசலுக்கு வந்தால், "இன்னாடி, மூளியா நிக்கிற" என்பாள். குழாயடிச் சண்டையில் அதுவே வசவு. எங்கள் சைதாப்பேட்டைத் தெருவில் காது அறுந்த ஒரு பெண்மணிக்கு, அவர் முதுகுக்குப் பின்னால் அதுதான் பெயர்.

போன வருடம் பண்டிகைக் கூட்டம். தி.நகர்க் கடையில் வேலை முடிந்து மாம்பலம் ஸ்டேஷன் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். முன்னால் போன பெண்ணின் நெட் துப்பட்டாவில் என் ஜிமிக்கிக் கொக்கி மாட்டிக்கொண்டது. அவள் ஒரு படி இறங்கினாள், காது கிழிந்தது. பின்னாலிருந்து கூட்டம் தள்ளியது. வலிக்கும் முன்னால் 'மூளி' என்ற சொல்தான் மனசில் வந்தது. "நில்லும்மா, காது மாட்டிக்கிச்சு" என்று நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை.

அவளுக்குக் கேட்டது. திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள். "நின்னா மிதிச்சிடுவாங்கக்கா. என் முதுகோட ஒட்டிக்கினே வாங்க."

மறு கையால் காதையும் துப்பட்டாவையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். அவள் கால் வைக்கும்போதே நானும் வைக்க வேண்டும். ஒரு படி தவறினால் மிச்சமும் போய்விடும். பிளாட்பாரத்துக்கு வந்ததும் துப்பட்டாவையே கழற்றி என் தோளில் போட்டாள். கழுத்தில் ரத்தம் இறங்குவது அப்போதுதான் தெரிந்தது. கொக்கியை எடுக்க அவளுக்குக் கை வரவில்லை. அப்படியே என்னை வெளியே கூட்டிப்போய் ஆட்டோவில் ஏற்றிவிட்டாள்.

கிளினிக்கில் இருந்த இளம் டாக்டர் கொக்கியை எடுத்துவிட்டு, காது ஓரத்தில் நூலளவு தவிர இரண்டாகப் பிளந்திருப்பதாகச் சொன்னார். "மூளியாயிடுமா?" என்று கேட்டேன். அவருக்கு அந்தச் சொல் தெரியவில்லை. மரத்துப்போக ஊசி போட்டபடியே அர்த்தம் கேட்டார். குடத்தைச் சொன்னேன். நகை போடாத கழுத்தைச் சொன்னேன். எங்கள் தெருப் பெண்மணியைச் சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

"குடம் ஒட்டாது. காது ஒட்டும். ஆடாம இருங்க" என்றார்.

வீட்டில் என் காதுக்குக் கட்டுப் போட்டிருப்பதைப் பார்த்ததும் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தையல் பிரிக்கும்வரை 'மூளி' என்ற சொல் அவள் வாயில் வரவில்லை.

காது ஒட்டிவிட்டது, மெல்லிய கோடு மட்டும் இருக்கிறது. தழும்புக்குப் பக்கத்தில் மறுபடி குத்திக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லி மாதங்கள் ஆகின்றன. இரண்டு முறை நகைக்கடை வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். சாயங்காலங்களில் ஸ்டேஷன் படியில் கூட்டம் வடியும்வரை ரங்கநாதன் தெரு முனையிலேயே நிற்கிறேன். அதற்குள் இரண்டு மூன்று ரயில் போய்விடும்.