பின்னால் ஓடிய ஜமீலா

போன சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மைதானமே சேர்ந்து என்னைத் திட்டியது. நான் செய்தது இவ்வளவுதான் — ஸ்கோர் எழுதும் கரும்பலகையில், எதிர் டீமுக்கு நேராக இருந்த 7-ஐ அழித்துவிட்டு 9 என்று எழுதினேன்.

"ஏனுங்க எழுதறவரே! அவங்களுக்கு எதுக்குங்க ரெண்டு பாயிண்ட்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"இதெல்லாம் முன்னாடியே பேசி வெச்சதுங்க" என்று இன்னொருவர்.

அந்த இரண்டு பாயிண்டைக் கொடுத்தது நானில்லை. என் மனைவி கோகிலா. நம் டீமின் கோச்சே, எதிர் டீமுக்கு... தானாக முன்வந்து!

முதலிலிருந்து சொல்கிறேன். கோகிலா பீளமேட்டில் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.டி. மேடம். சேர்ந்த நாளிலிருந்து தற்காலிக வேலைதான். ஒவ்வொரு ஜூன் மாதமும் "இந்த வருசம் பெர்மனென்ட் பண்ணிப்போடலாங்க அம்மணி" என்பார் தாளாளர். மில் வைத்திருப்பவர், பெரிய மனிதர், நல்லவர். அடுத்த ஜூனிலும் அதையே சிரித்துக்கொண்டு சொல்லக்கூடிய அளவுக்கு நல்லவர்.

அவருடைய மகன் அமெரிக்காவிலிருந்து லீவில் வந்தபோது ஒரு பை நிறையப் பந்துகள் கொண்டுவந்தார். உருண்டைப் பந்தில்லை, இரண்டு முனையும் கூராக, மாங்காய் மாதிரி. கூடவே ஒரு குட்டிப் புத்தகம். அமெரிக்கன் ஃபுட்பால்!

பேர்தான் ஃபுட்பால், முக்கால்வாசி நேரம் கையில்தான் பந்து. ஆளை ஆள் மோதிக் கீழே தள்ளுகிற முரட்டு விளையாட்டு. அதிலேயே ஒரு சாது வகையும் இருக்கிறது. எல்லோரும் இடுப்பில் ஒரு பெல்ட் கட்டி, அதில் ரிப்பன் தொங்கவிட்டுக்கொள்ள வேண்டும். பந்தோடு ஓடுகிறவளின் ரிப்பனை உருவினால் போதும், ஓட்டம் அங்கேயே நின்றுவிடும்.

"ஸ்போர்ட்ஸ் டே அன்னிக்கு சத்தி ரோட்டுக் காலேஜோட ஒரு மேட்ச் வெச்சுக்கலாங்க. நம்ம புள்ளைங்க ஜெயிக்கோணும். உங்க ஆர்டரையும் அதோட பார்த்துப்போடலாம்" என்றார் தாளாளர். பையும் புத்தகமும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன.

கோகிலா அவரைக்காய் நறுக்க, நான் புத்தகத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பத்து கெஜம் முன்னேற நாலு வாய்ப்பு. நாலிலும் முடியாவிட்டால், பந்து எங்கே நிற்கிறதோ அங்கேயே எதிராளிக்குப் போய்விடும். "அதனால் மூன்று வாய்ப்பு வீணாகி, உன் சொந்தக் கோட்டுக்குப் பக்கமாக நின்றால், நாலாவதில் வீரம் காட்டாதே. பந்தை தூரமாக உதைத்து எதிராளிக்கே அனுப்பிவிடு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பந்துக்காகத்தானே இவ்வளவு பாடு? அதைத் தூக்கி அவனிடமே கொடுப்பதா?

கோகிலா கத்தியைக் கீழே வைத்தாள். "இதுல என்னங்க சிரிப்பு? பந்து எப்படியும் போகத்தான் போகுது. எங்கே போய் விழணும்கிறது மட்டும்தான் நம்ம கையில இருக்கு. அப்புறம்?"

அப்புறம் — நீ முன்னணியில் இருந்தால் பந்தை வீசாதே. கையில் வைத்துக்கொண்டு ஓடு, கடிகாரம் ஓடட்டும். அப்புறம் — எதிராளி கடைசி நேரத்தில் நம்பிக்கையில்லாமல் நீளமாக வீசுகிற பந்தைப் பிடிக்கப் போகாதே. தரையில் தட்டிவிடு, அது போதும். அப்புறம்... அப்புறம்... குழம்பு தீய்ந்த பிறகுதான் புத்தகத்தை மூடினோம்.

டீமுக்கு ஜமீலா கேப்டன். பி.காம். இரண்டாம் வருஷம், கோட்டைமேடு. அவள் அத்தா பெல்ட், பர்ஸ் கடை வைத்திருக்கிறார். டீமுக்கு வேண்டிய பெல்ட் எல்லாம் அவரே ரெக்ஸின் வாங்கித் தைத்துக் கொடுத்தார். பந்தை வீசுவது, உதைப்பது இரண்டும் ஜமீலாதான். ஓட்டத்துக்கு அன்னூர்ப் பெண் பூங்கொடி. நல்ல உயரம். நிற்கச் சொன்னாலும் நிற்காமல் ஓடிக்கொண்டிருப்பவள்.

"பந்தை நாமளே எதுக்குங்க மேடம் குடுக்கோணும்?" என்று முதல் நாள் ஜமீலாவும் கேட்டாள். கோகிலா வாதம் செய்யவில்லை. ஒரு தடவை உதைக்காமல், ஒரு தடவை உதைத்து, ஆடிப் பார்க்கச் சொன்னாள். அதற்கப்புறம் ஜமீலா கேட்கவில்லை.

சனிக்கிழமை. பெற்றோர்கள், பக்கத்து வீட்டார், ஐஸ் வண்டி... நல்ல கூட்டம். கையெழுத்து நன்றாக இருக்கும் என்ற ஒரே தகுதியில் கரும்பலகை என்னிடம். நம் பெண்கள் பிரமாதமாக ஆடினார்கள். எதிராளியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனால் ஆறு பாயிண்ட். அதற்கு டச் டவுன் என்று பேர். நாம் இரண்டு போட்டோம். சத்தி ரோட்டுக்காரர்கள் ஒன்று போட்டு, கூடுதலாகக் கிடைக்கிற ஒரு பாயிண்டையும் எடுத்துக்கொண்டார்கள். 12-க்கு 7. மீதி இருந்தது ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே.

பந்து நம்மிடம்தான். ஆனால் நம் சொந்தக் கோட்டை ஒட்டி, மூலையில் மாட்டிக்கொண்டு. மூன்று வாய்ப்பும் போய்விட்டது. உதைத்து அனுப்பலாம் என்றால் அதற்கும் இடமில்லை. கொஞ்ச நேரம் முன்னால்தான் ஜமீலா உதைத்த பந்தை ஒரு பெண் பாய்ந்து வந்து கையால் மறிக்கப் பார்த்தாள், பந்து மயிரிழையில் தப்பியது.

கோகிலா ஜமீலாவைக் கூப்பிட்டு ஏதோ சொன்னாள். ஜமீலா ஒரு விநாடி அவள் முகத்தையே பார்த்தாள். தலையாட்டினாள். போனாள்.

பந்து கைக்கு வந்தது. ஜமீலா ஓடினாள் — பின்பக்கமாக! நம் எல்லைக்கோட்டுக்குப் பின்னால் இருக்கும் இடத்தில் அங்கும் இங்கும் போக்குக் காட்டினாள். துரத்தியவர்கள் கிட்டே வந்ததும், நிதானமாக மைதானத்துக்கு வெளியே காலை வைத்தாள்.

விசில். சொந்தக் கோட்டுக்குப் பின்னால் பந்தோடு வெளியே போனால் எதிர் டீமுக்கு இரண்டு பாயிண்ட். அப்போதுதான் நான் அந்த 9-ஐ எழுதினேன்.

தாளாளர் நாற்காலியைவிட்டு எழுந்து, "ஏனுங்க அம்மணி, என்னங்க இது!" என்று மேடையிலிருந்தே கத்தினார். எனக்குமே ஒன்றும் விளங்கவில்லை. சாவகாசமாக உட்கார்ந்து யோசித்தால்தான் கணக்குத் தெரிகிறது. 12-க்கு 7-ஆக இருந்தாலும் அவர்கள் ஒரு டச் டவுன் போட்டால் நாம் தோற்றோம். 12-க்கு 9-ஆக இருந்தாலும் அதேதான். டச் டவுன் போடாவிட்டால் அந்த இரண்டு பாயிண்டை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? அதைக் கொடுத்ததற்குப் பதிலாக நமக்குக் கிடைப்பது என்ன? யாரும் கிட்டே வந்து மறிக்காமல், நிம்மதியாகப் பந்தை உதைக்கிற உரிமை. இதற்குப் பேர் சேஃப்டி. புத்தகத்தில் இருக்கிறது. படித்துச் சொன்னவனே நான்தான்!

ஜமீலா உதைத்தாள். அடேயப்பா... பந்து மைதானத்தின் அந்தக் கோடிக்கே போய் விழுந்தது. சத்தி ரோட்டுப் பெண்கள் மொத்த தூரமும் திரும்பி வர வேண்டும். வந்தார்கள். பாதிக்கு மேல் வந்துவிட்டார்கள். கடைசி வீச்சு. உயரமாக, நம் எல்லைக்கோட்டை நோக்கி. பூங்கொடி எல்லோருக்கும் மேலே எம்பினாள். சொல்லிக்கொடுத்தபடியே, பிடிக்காமல் தட்டினாள்.

தட்டிய பந்து தரைக்குப் போகவில்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம், வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்ற அவர்கள் டீமின் குட்டிப் பெண் ஒருத்தியின் நெஞ்சில் போய் மோதியது. பயத்தில் அவள் அதைக் கட்டிக்கொண்டாள்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் பிடித்தாலும் டச் டவுன்தான். அவர்கள் 15, நாம் 12. முடிந்தது.

தமிழில் நாம் எடுக்கிறதும் முடிவு, கடைசியில் வருகிறதும் முடிவு. இரண்டுக்கும் ஒரே வார்த்தை. அதனால்தானோ என்னவோ, வந்ததை வைத்தே எடுத்ததற்கு மார்க் போடுகிறோம். பூங்கொடியின் கை ஒரு சாண் தள்ளிப் பட்டிருந்தால், திட்டிய அதே வாய்கள் "கோச்சுன்னா இப்படி இருக்கோணும்" என்று சொல்லியிருக்கும்.

ஆனால் அன்றைக்குக் கூட்டம் கோகிலாவைக்கூட அதிகம் திட்டவில்லை. "அந்தப் புள்ளைதானுங்க பயந்து பின்னாடி ஓடுச்சு" என்று ஜமீலாவைக் கை காட்டினார்கள். அவள் மைதானத்தின் நடுவில் தலை குனிந்து நின்றாள். பூங்கொடி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

கோகிலா நேரே மேடைக்குப் போனாள். அறிவிப்புச் செய்துகொண்டிருந்தவர் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

"பின்னாடி ஓடச் சொன்னது நானுங்க. தட்டிவிடச் சொன்னதும் நான்தானுங்க. ரெண்டு புள்ளைங்களும் சொன்னதைச் சரியாச் செஞ்சாங்க. கேக்கறதை எங்கிட்டக் கேளுங்க."

பக்கத்தில் தாளாளர். எட்டினால் தொடுகிற தூரத்தில் அவளுடைய ஆர்டர்!

முதலில் கேட்க வந்தவர் ஜமீலாவின் அத்தா. "மேடம், ஒரு சந்தேகமுங்க. கேக்கலாங்களா?" கோகிலா அவரை என் கரும்பலகைக்குக் கூட்டிவந்து, கோடு போட்டு விளக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்போ, எம் புள்ள பயந்து ஓடலைங்க."

"பயப்படறவளா இருந்தா, அவகிட்ட அதைச் சொல்லியே இருக்க மாட்டேனுங்க."

பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஜமீலா மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இன்னொருக்கா சொல்லுங்க மேடம், இன்னொருக்கா ஓடறேன்."

ஸ்கூட்டரில் வீடு திரும்பினோம். காந்திபுரம் நெரிசலில் நிற்கும்போதுதான் கேட்டேன். "மறுபடி அதே மாதிரி வந்தா என்ன பண்ணுவே?"

"அதையேதான் பண்ணுவேன்" என்றாள். அப்புறம் என் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். பின்னால் டவுன் பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. நான் கொஞ்ச நேரம் வண்டியை நகர்த்தவே இல்லை.

திங்கட்கிழமை காலை தாளாளர் கூப்பிட்டனுப்பினார். வேலை போய்விட்டது என்றே நினைத்து, விசில், ஸ்டாப் வாட்ச் எல்லாவற்றையும் ஒப்படைக்கத் தயாராகத்தான் கோகிலா போனாள். அவர் உட்காரச் சொன்னாராம்.

"ஞாயித்துக்கெழமை பூரா யோசிச்சுப் பார்த்தேனுங்க அம்மணி. பஞ்சு வெலை எறங்கறப்ப, கொஞ்சம் நட்டம் போனாப் போகுதுன்னு தள்ளிவிட்டுட்டு வெளிய வாரது நானும் பண்றதுதான். மைதானத்துல உக்காந்திருக்கறப்ப அது தோணலை பாருங்க, கத்திப்போட்டேன். எங்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா?"

"மணி ஓடிட்டிருந்துச்சுங்க சார்."

அவர் சிரித்துவிட்டார். மேஜையிலிருந்த தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். பெர்மனென்ட் ஆர்டர்!

கோகிலா நன்றி சொல்லிவிட்டுக் கதவுவரை வந்ததும் மறுபடி கூப்பிட்டாராம். "அடுத்த வருசம் மேட்சுல என்ன நடக்குதுன்னு எம் பக்கத்துல உக்காந்து வெளக்கஞ் சொல்ல ஒரு ஆள் வேணுமுங்க. உங்க ஊட்டுக்காரரையே வரச் சொல்லுங்க. அவரு சும்மா எழுதிட்டுத்தானே இருக்காரு?"

வாரா வாரம் பத்திரிகையில் நான் எழுதுகிற வேலைக்கு ஊரில் என்ன பேர் என்பது திங்கட்கிழமைதான் தெரிந்தது!