பாட்டுப் பெட்டிக்கு மூன்று பயணம்

மூன்று முறை கூடலூர் மலை ஏறி ஊட்டிக்குப் போய் வந்திருக்கிறேன். எல்லாம் ஒரு கிராமபோனுக்காக. நினைத்தால் இப்போதும் முட்டி வலிக்கிறது.

வெள்ளைக்காரத் துரைகள் எஸ்டேட்டை நடத்திய காலம். பந்தலூர் பக்கத்தில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் நான் டீ மேக்கர்; பச்சை இலையைத் தூளாக்குகிற வேலை. நாள் முழுக்க இலை உருட்டுகிற ரோலர் இரைச்சலில் நின்றுவிட்டு வந்தால் எனக்குக் காது மட்டுமல்ல, வாயும் அடைத்துப்போகும். சோறு, வெந்நீர், படுக்கை. அதற்கு மேல் என்ன பேச்சு என்று நினைக்கிற ஆள். மனைவியோ பல்லடத்துக்காரி. தறிச் சத்தத்துக்கும் பத்துப் பேர் பேச்சுக்கும் நடுவில் வளர்ந்தவள். எங்கள் குவார்ட்டர்ஸில் அவள் கேட்டதெல்லாம் தகரக் கூரையில் விழுகிற மழையைத்தான்.

"ஏனுங்க, இந்த ஊட்டுல மனுசக் குரலே கேக்கறதில்லீங்க. மழை விட்டதும் நான் எங்க ஊருக்குப் போயிடறனுங்க. திரும்பி வருவேன்னு நெனைக்காதீங்க" என்றாள் ஒரு நாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அலுத்துப்போய்ச் சொன்னாள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

மனிதக் குரல்தானே வேண்டும், வாங்கி வந்துவிடலாம் என்று துரையிடம் இரண்டு நாள் லீவு கேட்டேன். கூடலூர் வரை எஸ்டேட் லாரி, அப்புறம் பஸ். நடுவட்டம் ஏற்றத்தில் என்ஜின் கொதித்து நின்றது. இறங்கித் தள்ளினோம். ஊட்டி கடைவீதியில் கடைக்கார பாய் மரியாதையாக உட்கார வைத்து, சாவி கொடுத்து ஒரு பாட்டு போட்டார். குரல் கணீரென்றிருந்தது. "இது குன்னூர் துரை ஒருத்தர் சொல்லி வச்சதுங்க. உங்களுக்கு மெட்ராஸ்ல இருந்து வரணும். அடுத்த மாசம் வாங்க" என்றார். ஒரே ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு, சட்டை ஈரம் உடம்பிலேயே காய, வந்த வழியே திரும்பினேன்.

"பாட்டு எப்படி இருந்துச்சுங்க?" என்று கேட்டாள் மனைவி.

"நல்லா இருந்தது" என்று சொல்லிவிட்டுப் படுத்தேன்.

அடுத்த மாதம் போனபோது பெட்டி கிடைத்தது. இரண்டு இசைத்தட்டுகளும் வாங்கினேன். திரும்பும் வழி முழுக்கப் பெட்டி என் மடியில், கம்பளி பெட்டிக்கு, குளிர் எனக்கு. ஒரு வாரம் வீட்டில் பாட்டாகவே இருந்தது. அவள் முகம்கூடக் கொஞ்சம் தெளிந்தது. பிறகு மழை வலுத்தது. எங்கள் ஊர் மழையில் உப்பு கரையும், தீக்குச்சி நமத்துப்போகும், செருப்பில் பூஞ்சணம் பூக்கும். தட்டுகளிலும் பூத்தது.

நான் டீ மேக்கர் அல்லவா? ஈரமாக எதைப் பார்த்தாலும் எனக்கு இலை காய வைக்கிற டிரையர்தான் ஞாபகம் வரும். துரையின் பூட்ஸ் முதல் என் தீப்பெட்டி வரை அந்தச் சூட்டில்தான் காயும். தட்டுகளைத் துடைத்து டிரையர் ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு இலை எடை பார்க்கப் போனேன். வந்து பார்த்தால் இரண்டும் வாடிய வெற்றிலை போல வளைந்து தொங்கின. ஒன்றை எப்படியோ பெட்டியில் ஏற்றினோம். பாடியவள் மேலே ஏறி, கீழே விழுந்து, விக்கி நின்றாள். மனைவி முள்ளைத் தூக்கி வைத்தாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

மூன்றாம் முறை போனேன். துரை முகத்தைச் சுளித்துக்கொண்டு லீவு கொடுத்தார். வழியில் மண் சரிந்திருந்ததால் பாதித் தூரம் நடை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீடு வந்து, புதுத் தட்டுகளை மேசையில் வைத்தேன். காலில் அட்டை கடித்த ரத்தம். அவள் தட்டுகளைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தாள்.

"வெண்ணெயைக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறீங்களே. மனுசக் குரல்னு நான் சொன்னது உங்க குரலைத்தானுங்க" என்றாள். "நீங்க ஊட்டிக்குப் போனதுல, ஊட்டுல இருந்த ஒரு ஆளும் இல்லாமப் போச்சு. இந்தப் பொட்டி பேசறதுக்குப் பதிலா நீங்க நாலு வார்த்தை பேசினா என்னங்க?"

எனக்கு வெட்கமாக இருந்தது. என்ன பேசுவது என்றும் தெரியவில்லை. கடைசியில் பஸ் நின்ற கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். தள்ளியவர்களில் ஒருவர் சேற்றில் வழுக்கி உட்கார்ந்ததைச் சொன்னபோது சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டபடியே, இருந்த அலுப்பில், சுவரில் சாய்ந்து தூங்கிப்போனேன்.

விழித்தபோது சாயங்காலம். அவள் எதிரே அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"உட்கார்ந்துட்டாரு, அப்புறம்?" என்றாள்.

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் என்னிடம் அவள் 'அப்புறம்' என்று கேட்டது அதுதான் முதல் தடவை. ஊருக்குப் போகிற பேச்சை அதன் பிறகு அவள் எடுக்கவில்லை. பேசுகிற வேலை என் தலையில் விழுந்தது. ரோலர் பக்கத்தில் நிற்பதைவிட அலுப்பான வேலை. ஆனாலும் அதற்கு நான் ஒரு நாளும் லீவு கேட்டதில்லை.