அறுத்தெறிந்த முரசு

பாண் (ரொட்டி) துண்டொன்றைக் கடித்தேன். கடித்த இடத்தில் இரத்தம். மேல்வரிசை முன்பல்லுக்குக் கிரவுன் (பல்லின் மேல் மாட்டும் பீங்கான் உறை) போட்டு மூன்று கிழமைகூட ஆகவில்லை. சுற்றியிருந்த முரசு (ஈறு) சிவந்து வீங்கி, தொட்டாலே கசிந்தது. வாயில் ஒரு கெட்ட வாடை வேறு.

நான் பாலையூற்றில் வீட்டோடு தையல் செய்பவள். அளவெடுக்கும்போது வருபவரின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில்தான் என் முகம் இருக்கும். வாடை தொடங்கியதும் மூச்சை அடக்கிக்கொண்டு அளந்தேன். வாயாடி என்று பேரெடுத்த நான் வாயைத் திறக்கப் பயந்தேன்.

கிரவுன் போட்ட டொக்டரிடம் போனேன். அறைக்கதவு திறந்திருந்தது. வெளியே கதிரைகளில் ஆட்கள்.

"நீங்கள் ஒழுங்காப் பல் தீட்டுறேல்லப் போல. சுத்தமா வைச்சிருந்தா இது வராது" என்றார், எல்லோருக்கும் கேட்க.

வெளியே இருந்தவர்களில் இரண்டு பேர் என்னிடம் சட்டை தைப்பவர்கள். கூனிக்குறுகிப் போனேன். அன்று முதல் நாளுக்கு நாலு தரம் தீட்டினேன். இரத்தம்தான் கூடியது. இன்னும் இரண்டு தடவை அவரிடம் போனேன். அதே கதைதான். நாசமாய்ப் போக!

"விடுமப்பா, வேற ஆளிட்டக் காட்டுவம்" என்று என் கணவர் கப்பல்துறையில் ஒரு பெண் டொக்டரிடம் கூட்டிப்போனார். பழைய அச்சை (பற்களின் பிளாஸ்டர் பிரதி) வாங்கி வரும்படி அவர் சொன்னார். முதல் டொக்டரின் கிளினிக்கில் கேட்டேன், தந்தார்கள். பெண் டொக்டர் அதைக் கையில் எடுத்துக் காட்டினார்.

"இஞ்ச பாருங்கோ அக்கா. பல்லின்ர விளிம்பு தெரியவேணுமெண்டு கிரவுன் செய்யிற லாப்பில இந்த அச்சில இருந்த முரசை அறுத்துப்போட்டினம். அறுக்கிறது வழமைதான். ஆனா அதுக்கு முன்னம் முரசின்ர வடிவத்தை வேறயா எடுத்து வைக்கவேணும். வைக்கேல்ல. குத்துமதிப்பாக் கிரவுனைத் தடிப்பமாச் செய்து முரசுக்க தள்ளியிருக்கினம்."

"அப்ப என்ர வாய் ஊத்தையில்லையோ?"

"இல்லையக்கா. எவ்வளவு தீட்டினாலும் இது ஆறாது."

அந்த இடத்திலேயே அழுதேன். பிறகுதான் கோபம் வந்தது.

பழைய உறையைக் கழற்றித் தற்காலிக உறை போட்டு, வீக்கம் வற்றும்வரை காத்திருந்தோம். புதிய அச்சில் முரசை மட்டும் மெத்தென்ற ரப்பரில் வார்த்திருந்தார்கள். கழற்றலாம், திரும்பப் பொருத்தலாம். அதைப் பார்த்துச் செய்த கிரவுன் முரசோடு அமைதியாக இருக்கிறது. உங்களுக்கும் புதுக் கிரவுனைச் சுற்றி இரத்தம் கசிந்தால், உங்களை நீங்களே திட்டாதீர்கள். முரசின் வடிவத்தை எடுத்தார்களா என்று கேளுங்கள்.

பழைய அச்சைக் கொண்டுபோய் முதல் டொக்டரின் மேசையில் வைத்தேன். "எல்லா இடத்திலயும் இப்பிடித்தான்" என்றுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பிழை என்று ஒரு சொல் இல்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு பெண் பட்டுத் துணியோடு வந்தார். பேச்சுவாக்கில் கணவர் யாரென்று சொன்னார். அந்த டொக்டரேதான்! என்னை அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. பிளவுஸின் கையிடுக்கை அரை அங்குலம் இறுக்கி வெட்டினேன். ஓம், வேண்டுமென்றுதான்.

போட்டுப் பார்த்தவர், "கையிடுக்கில உரசுது, சிவந்துபோச்சு" என்றார்.

"நீங்கள் ஒழுங்காக் குளிக்கிறேல்லப் போல. சுத்தமா வைச்சிருந்தா இது வராது."

அவருடைய முகம் செத்துப்போனது. எனக்கு இனித்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் அந்த முகத்தை நீண்டநேரம் பார்க்க ஏலவில்லை. அவர் முன்னாலேயே தையலைப் பிரித்து அரை அங்குலம் விட்டேன்.

"பிழை என்ர, தங்கச்சி. பிழையா வெட்டிப்போட்டு உங்களைக் குறை சொன்னனான். இதை அப்பிடியே உங்கட மனிசரிட்ட, அந்த டொக்டரிட்டச் சொல்லுங்கோ. என்ர பேரையும் சொல்லுங்கோ."

இப்போது ஆட்களுக்குப் பக்கத்தில் நின்று தாராளமாக மூச்சு விடுகிறேன். அந்தப் பல் இருப்பதே பல நாள் நினைவில் வருவதில்லை. முரசு பத்து நாளில் ஆறிவிட்டது. எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்த டொக்டர் வந்து, பிழை தன்னுடையது என்று தன் வாயால் சொல்லட்டும், பார்ப்போம்.